கலங்காமல் தொடர்வது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

ஆண்டுக் கணக்கில் உழைத்து எட்ட வேண்டிய ஒன்றை நோக்கிப் போய்க்கொண்டிருப்பவர்கள், நெருக்கடி முற்றும்போது மனம் குலையாமல் இருப்பது எப்படி என்று கேட்டு எழுதிய கடிதங்களே இம்முறை மிகுதியாக வந்துள்ளன. அவற்றுள் ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சுருக்கிச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் ஐந்தாவது ஆண்டில் இருக்கிறேன். முதல் மூன்று ஆண்டுகள் ஆர்வத்தோடு போயின. ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் ஏழு மாதங்களே உள்ள நிலையில், மேசை முன் உட்கார்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது. ஒரு பத்தியை எழுதுவதும் அழிப்பதும் மீண்டும் எழுதுவதுமாக நாள் கழிகிறது. அமைதி என்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பதா? என் மனம் பலவீனமானதா?

உங்கள் மனத்தில் பலவீனம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆபத்தைச் சமாளிப்பதற்காக உடலில் அமைந்துள்ள ஓர் ஏற்பாடு, உயிருக்கு ஆபத்தே இல்லாத எழுத்து மேசையில் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. அச்சம் எழுந்தவுடன், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் முதலில் அட்ரினலினையும் சற்றுப் பின்னால் கார்டிசாலையும் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, கவனம் ஒரே புள்ளியில் குறுகுகிறது. ஓடித் தப்பவோ எதிர்த்து நிற்கவோ இவை அத்தனையும் உதவும். நான்கைந்து கருத்துகளை ஒருசேர நினைவில் நிறுத்தி ஒரு பத்தியாகக் கோக்கிற வேலைக்கோ, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி நிதானமாக இயங்க வேண்டும். அழுத்தம் மிகும்போது முதலில் தளர்வது அந்தப் பகுதிதான்.

1908ஆம் ஆண்டில் இராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கறுப்புப் பெட்டியையும் வெள்ளைப் பெட்டியையும் பிரித்தறியுமாறு எலிகளைப் பழக்கினார்கள். தவறான பெட்டிக்குள் நுழைந்தால் இலேசான மின்னதிர்ச்சி கிடைக்கும். இரண்டையும் எளிதில் வேறுபடுத்த முடிந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் விரைவாகக் கற்றன. வெளிச்சத்தைக் குறைத்து வேறுபாட்டை நுட்பமாக்கியபோது, மிதமான அதிர்ச்சி பெற்றவையே நன்றாகக் கற்றன. கடுமையான அதிர்ச்சி பெற்றவை தடுமாறின. எலிகளிடம் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது என்றாலும், மூட்டை தூக்கும்போது உதவுகிற அதே பரபரப்பு ஊசியில் நூல் கோக்கும்போது கையை நடுங்கச் செய்கிறது என்பதை நாம் எல்லோரும் பட்டறிந்திருக்கிறோம். ஆய்வேடு எழுதுவது நூல் கோக்கும் வகையைச் சேர்ந்த வேலை. முதல் மூன்று ஆண்டுகளில் உங்களிடம் இருந்த மிதமான விசை இப்போது அளவு மீறிவிட்டது.

இதே நிலையில் பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவரிடம், அவர் எழுதும்போது பக்கத்தில் அமர்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் கணினியைத் திறந்ததும் முதலில் கோப்பின் அடிக்குப் போய் மொத்தம் எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது என்று பார்த்தார். பிறகு சுவரில் இருந்த நாள்காட்டியை ஏறிட்டார். பிறகு முந்தைய நாள் எழுதிய முதல் வரிக்கு வந்து அதில் ஒரு சொல்லை மாற்றினார். தோள்கள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருந்தன. இருபது நிமிடங்களில் பக்க எண்ணிக்கையை அவர் பதினொரு முறை பார்த்ததை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். புதிதாக ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அவர் அந்த இருபது நிமிடங்களில் ஒரு பத்தியை எழுத முயலவில்லை; மிச்சமிருந்த மாதங்கள் முழுவதையும் தூக்கிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார்.

பக்க எண் தெரியாதபடி திரையை மாற்றினோம். நாள்காட்டியை அடுத்த அறைக்குக் கொண்டு போனோம். ஒரு துண்டுத் தாளில், ‘இரண்டாம் இயலின் மூன்றாவது அட்டவணையை விளக்கும் ஒரு பத்தி’ என்று மட்டும் எழுதி மேசையில் வைத்தோம். அந்தப் பத்தி முடிந்தால் தாளைக் கிழித்துவிட வேண்டும். அன்றைக்கு இன்னொரு தாள் கிடையாது. நான்காவது நாளும் அவருக்கு விரல்கள் சில்லிட்டுத்தான் இருந்தன. ஆனால் எழுதிய பத்தி அழிக்கப்படாமல் நின்றது. நீண்ட இலக்குக்கான அமைதி இந்த வழியாகத்தான் வருகிறது என்பது இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது: படபடப்பு ஓயட்டும் என்று காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள், ஒரு நாளின் சுமையை ஒரு நாள் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்துக்கொண்டவர்கள் படபடப்போடே வேலையைத் தொடங்கினார்கள், அது பின்னால் தானாகத் தணிந்தது. தமிழில் நீருக்கும் மனத்துக்கும் கலங்குதல், தெளிதல் என்று ஒரே சொற்களைச் சொல்கிறோம். கலங்கிய நீரைக் கையை விட்டுத் துழாவித் தெளிய வைக்க முயல்வது போன்றதுதான், ‘நான் அமைதியாகிவிட்டேனா’ என்று நிமிடத்துக்கு ஒரு முறை சோதித்துப் பார்ப்பதும்.

இன்னும் இரண்டு செய்திகள் மட்டும் சொல்கிறேன். ஏழு மாதங்களையும் முழுமையாக ஏறிட்டுப் பார்ப்பதற்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். திட்டத்தைத் திருத்துவது, நெறியாளரிடம் கேட்க வேண்டியதைக் குறிப்பது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குரியவை. எழுதுவதையும் அழிப்பதையும் ஒரே அமர்வில் செய்யாதீர்கள். காலையில் எழுதியதை மாலைக்கு முன் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டாலே பாதிப் படபடப்பு குறையும்.

கேள்வி: போட்டித் தேர்வுக்கு மூன்றாவது முறையாகத் தயாராகிறேன். என் இலக்கை முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டதால், பார்ப்பவர்கள் எல்லாம் ‘என்ன ஆயிற்று’ என்று கேட்கிறார்கள். வீட்டில் மாதிரித் தேர்வு எழுதினால் நல்ல மதிப்பெண் வருகிறது. தேர்வுக்கூடத்தில் மட்டும் படித்தது மறந்துபோகிறது.

கணித அறிஞர் ஆண்ட்ரூ வைல்ஸின் வாழ்க்கையில் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஒரு பகுதி உண்டு. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து யாராலும் நிறுவ முடியாமல் இருந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவ அவர் 1986இல் முனைந்தார். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள், மிகச் சிலரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாமல் அதில் ஈடுபட்டிருந்தார். 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அவர் தீர்வை அறிவித்தபோது அது உலகச் செய்தியானது. சில மாதங்களில் அந்த நிறுவலில் ஒரு பெரிய இடைவெளி கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஓராண்டுக்கும் மேலாக, உலகமே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க அவர் அதைச் சரிசெய்யப் போராடினார். தம் முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, 1994 செப்டம்பரில் வழி கண்டார். பிறர் பார்வைக்கு நடுவே கணிதம் செய்வது தமக்கு ஒத்துவராத ஒன்று என்று பின்னாளில் அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். அவ்வளவு பெரிய அறிஞருக்கே பிறர் பார்வை சுமையாக இருந்திருக்கும்போது, உங்களுக்கு அது சுமையாக இருப்பதில் வியப்பில்லை.

சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. இனிமேல் சொல்வதைக் குறைக்கலாம். கேட்பவர்கள் பெரும்பாலும் அக்கறையினால்தான் கேட்கிறார்கள் என்பதால் சண்டை வேண்டாம். ‘முடிவு வந்ததும் நானே சொல்கிறேன்’ என்ற ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லிப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக விளக்கம் தேடுவதுதான் மனத்தைக் களைப்பாக்குகிறது. தயாரிப்பு எப்படிப் போகிறது என்பதை உண்மையாகப் பேச ஒருவர், கூடினால் இருவர், போதும்.

தேர்வுக்கூடத்தைப் பொறுத்தவரை, வீட்டில் நீங்கள் பாடத்தைப் பயின்றிருக்கிறீர்கள்; பதற்றத்தின் நடுவே பாடத்தை நினைவுகூர்வதைப் பயிலவில்லை. பழக்கமில்லாத இடத்தில், பழக்கமில்லாத நாற்காலியில், சுற்றிலும் ஆட்கள் நடமாட, நேரத்தைக் கண்டிப்பாக அளந்து, இடையில் எழாமல் மாதிரித் தேர்வுகளை எழுதிப் பாருங்கள். மதிப்பெண் முதலில் குறையும். வீட்டு மதிப்பெண்ணைவிடப் பயனுள்ளது அந்தக் குறைந்த மதிப்பெண்ணே.

2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஜெரார்டோ இராமிரெஸ், சியான் பைலாக் என்ற இருவர், தேர்வுக்கு முன் பத்து நிமிடங்கள் தங்கள் கவலைகளை அப்படியே தாளில் எழுதிவைத்த மாணவர்கள், குறிப்பாக அச்ச இயல்பு மிகுந்தவர்கள், மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்று கண்டார்கள். கவலை மனத்தில் இடம் பிடித்துக்கொண்டிருந்தால் விடைக்கு இடம் குறைகிறது. எழுதி இறக்கிவைத்தால் அந்த இடம் ஓரளவு மீளும் என்பது அவர்கள் தந்த விளக்கம். செய்து பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

மூச்சையும் கவனியுங்கள். பயிற்சிக்காக நான் வினாத்தாளை நீட்டிய பலர், முதல் வினாவைப் படித்து முடிக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டே இருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கே அது தெரியாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று விரைவதும், வெளியே விடும்போது சற்றுத் தணிவதும் உடலின் இயல்பு. ஆகவே இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு என்ற அளவில் இரண்டு மூன்று நிமிடங்கள் இருந்தால் உடல் இறங்கி வரும். தேர்வன்று முதன்முதலாகச் செய்தால் பலன் தெரியாது. இன்றிலிருந்தே நாள்தோறும் செய்து உடலுக்குப் பழக்கிவிடுங்கள்.

கேள்வி: ‘நல்லதையே நினை, எல்லாம் நல்லபடி நடக்கும்’ என்கிறார்கள். எனக்கு அப்படி நினைக்க வருவதில்லை. நான் என்ன செய்ய?

வராததை வரவழைக்க வேண்டாம். மனத்தில் இருப்பதை அதன் சரியான பெயரால் அழையுங்கள்: ‘எனக்குத் தோல்வி பற்றிய பயம் இருக்கிறது’, ‘தாமதமாகிவிட்டதே என்ற வெட்கம் இருக்கிறது’. உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிடும்போது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு குறைவதை மேத்யூ லீபர்மேன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். பயம் இல்லை என்று சாதிக்கிறவர்களைவிட, பயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறவர்கள் நிதானமாக இருப்பதை நானும் பார்க்கிறேன்.

கேள்வி: என்னோடு தொடங்கியவர்கள் எல்லோரும் முன்னே போய்விட்டார்கள். அவர்களைப் பார்க்கும் நாளெல்லாம் இரவு பகலாக உழைக்க வேண்டும் என்ற வெறி வருகிறது. மூன்று நாள் உழைக்கிறேன். பிறகு பத்து நாள் எதுவும் ஓடுவதில்லை.

இந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன், ஏனெனில் இதில் உள்ள வேதனை மிகப் பொதுவானது. பலர் இதைச் சோம்பல் என்று தவறாக எண்ணித் தங்களையே தண்டித்துக்கொள்கிறார்கள்.

நார்வே நாட்டுப் பயணி ரொஆல்ட் அமுண்ட்சென் தென்துருவத்தை முதலில் அடைந்தவர் என்பது தெரிந்ததே. அதற்கு முன் அவர் செய்த பிழை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆங்கிலேயர் இராபர்ட் ஸ்காட்டின் குழுவும் அதே துருவத்துக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தது. அவர்கள் முந்திவிடுவார்களோ என்ற எண்ணம் அமுண்ட்செனை அரித்தது. 1911 செப்டம்பர் தொடக்கத்திலேயே, குளிர்காலம் முழுமையாக விலகாத நிலையில், எட்டுப் பேராகப் புறப்பட்டுவிட்டார். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஐம்பது பாகைக்கும் அப்பால் இறங்கியது. நாய்கள் துவண்டன, ஆட்களின் குதிகால்கள் உறைபனியால் புண்பட்டன. திரும்பிவிட்டார்கள். திரும்பும் வழியிலும் ஒழுங்கு குலைந்து, சிலர் பின்தங்க நேர்ந்தது. குழுவுக்குள் மனக்கசப்பும் உண்டானது.

அக்டோபர் 19 அன்று ஐந்து பேராக மறுபடி புறப்பட்டபோது, அவருடைய நடை வேறாக இருந்தது. ஒரு நாளுக்கு இவ்வளவு தூரம் என்று வரையறுத்துக்கொண்டு, அது முடிந்ததும் கூடாரம் அடித்து ஆட்களுக்கும் நாய்களுக்கும் ஓய்வு கொடுத்தார். மிச்சத் தெம்பு இருந்த நாட்களிலும் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியே நடந்தார். டிசம்பர் 14 அன்று துருவத்தில் நின்றார். ஸ்காட்டின் குழு 1912 ஜனவரி 17 அன்று அங்கே வந்து சேர்ந்தது. திரும்பும் வழியில் அந்தக் குழுவின் ஐவரும் உயிரிழந்தார்கள். அவர்களுடைய முடிவுக்குக் காலநிலை, உணவுப் பற்றாக்குறை எனப் பல காரணங்கள் உண்டு. அந்தத் துயரத்தை ஒரு படிப்பினையாகச் சுருக்க நான் விரும்பவில்லை. நான் காட்ட விரும்புவது அமுண்ட்செனின் இரண்டு புறப்பாடுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை மட்டும்தான். முதல் புறப்பாட்டின் நாளைத் தீர்மானித்தது அடுத்தவரைப் பற்றிய அச்சம். இரண்டாவதைத் தீர்மானித்தவை பருவமும், நாய்களின் வலிமையும், பயண அனுபவமும்.

உங்கள் மூன்று நாள் வெறி, செப்டம்பர் புறப்பாட்டைப் போன்றது. அதற்குப் பின் வரும் பத்து நாள் முடக்கத்தில் சோம்பலைவிடக் குதிகால் புண்ணே மிகுதி. உங்கள் சாதாரணமான ஒரு நாளில், யாரையும் பார்க்காத நாளில், எவ்வளவு செய்ய முடிகிறது என்று இரண்டு வாரம் குறித்து வாருங்கள். அதன் சராசரியை மேல் வரம்பாக வையுங்கள். கீழ் வரம்பு எல்லோரும் வைப்பதுதான்; மேல் வரம்பு வைப்பவர்கள் குறைவு. பிறரைப் பார்த்துப் பொறி பறக்கும் நாளில் அந்த வரம்போடு எழுந்துவிடுவது மிகக் கடினமாக இருக்கும். அந்த நாளில் எழுந்துவிட முடிந்தால், சோர்ந்த நாளில் உட்கார முடியும். உறக்கத்தையும் இந்தக் கணக்கில் சேருங்கள்: பகலில் கற்றவை உறக்கத்தின்போதுதான் நினைவில் ஊன்றுகின்றன; இரவைத் திருடிப் பகலுக்குக் கொடுத்தால் இரண்டும் குறைகின்றன.

கேள்வி: நோயுற்ற பெற்றோரைக் கவனித்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கிறேன். எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும் வாரத்தில் நான்கு நாள் திட்டம் உடைந்துபோகிறது. உடையும் ஒவ்வொரு முறையும் எரிச்சலும் குற்ற உணர்வும் வருகின்றன.

முதலில், நீங்கள் செய்வது இரண்டு முழுமையான வேலைகள் என்பதை நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டும். வாரத்தில் நான்கு நாள் உடைகிற திட்டம், அந்த நான்கு நாள் தடைகள் வராத வாரத்துக்காகப் போடப்பட்ட திட்டம். டேனியல் கானமென், ஆமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 1979இல் இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டினார்கள்: ஒரு வேலைக்கு ஆகும் காலத்தைக் கணிக்கும்போது, தடையே வராத ஒரு போக்கைக் கற்பனை செய்துகொள்கிறோம், இதற்கு முன் இத்தகைய வேலைகளுக்கு உண்மையில் எவ்வளவு காலம் ஆனது என்று பார்ப்பதில்லை. தேர்ந்த வல்லுநர்களும் இதில் சறுக்குகிறார்கள்; 1963இல் முடிக்கத் திட்டமிட்ட சிட்னி இசை அரங்கம் 1973இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே குற்ற உணர்வுக்கு இடமில்லை. கடந்த இரண்டு மாதங்களில் உண்மையில் படிக்கக் கிடைத்த மணி நேரங்களைக் கூட்டிப் பார்த்து, அந்த எண்ணிக்கையை வைத்துப் புதுத் திட்டம் போடுங்கள். முடிக்கும் நாள் தள்ளிப்போகும். தள்ளிப்போன அந்த நாள்தான் உண்மையான நாள்.

திட்டம் உடையும் தருணத்துக்கும் முன்கூட்டியே ஒரு வாக்கியம் வைத்திருங்கள். ‘இப்படி நேர்ந்தால், இதைச் செய்வேன்’ என்று சூழலையும் செயலையும் இணைத்து முடிவு செய்துகொள்பவர்கள், பொதுவாக உறுதி எடுப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ‘மருத்துவமனையில் காத்திருக்க நேர்ந்தால், பையில் இருக்கும் குறிப்பட்டைகளில் ஐந்தைப் பார்ப்பேன், அதற்கும் மனம் இடம் தராவிட்டால், அன்று படிப்பு இல்லை, மறுநாள் விட்ட பக்கத்திலிருந்து தொடங்குவேன்’ என்பது போல. அந்த இரண்டாவது பாதியைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் படிக்கவில்லையே என்று ஏங்காமல் இருப்பதற்கு அது உதவும்.

கேள்வி: அமைதியாக இருக்கிறேனா, உள்ளூரக் கைவிட்டுவிட்டேனா என்றே எனக்கு இப்போது தெரியவில்லை. தொடர்வதா, விடுவதா?

இரண்டையும் பிரித்தறிய ஓர் அடையாளம் சொல்வேன். அமைதியாக இருப்பவருக்கு நாளைய வேலை என்ன என்று தெரிந்திருக்கும். கைவிட்டவருக்கு இலக்கு மட்டும் நினைவிருக்கும், நாளைய வேலை நினைவுக்கு வராது.

ஆனால் அதற்கு முன் வேறொன்றைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு வாரங்களுக்கும் மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கமோ பசியோ கெடுதல், எந்நேரமும் சோர்வு, வாழ்வதே வீண் என்ற எண்ணம் ஆகியவை தொடர்ந்தால், அது மருத்துவரிடமோ மனநல வல்லுநரிடமோ காட்ட வேண்டிய நிலை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது, அன்றே நெருங்கிய ஒருவரிடம் சொல்லி உதவி பெற வேண்டும். மூச்சுப் பயிற்சியும் துண்டுத் தாளும் அந்த இடத்தில் போதா.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், இந்தக் கேள்விக்கு மோசமான ஒரு நாளின் இரவில் விடை தேடாதீர்கள். ஓரளவு தெளிவாக இருக்கும் ஒரு காலைப்பொழுதில் ஒரு தாளை எடுத்து, என்ன நடந்தால் இதை நிறுத்திக்கொள்வேன், எந்தத் தேதியில் அதை முடிவு செய்வேன் என்று இரண்டே வரிகள் எழுதுங்கள். தேதி மூன்று மாதங்களுக்குக் குறையாமல் இருக்கட்டும். நிறுத்துவது தோல்வி என்று நான் கருதவில்லை. தெளிந்த மனத்தோடு நிறுத்தி, வேறொன்றில் நிறைவு கண்டவர்களை எனக்குத் தெரியும். அந்தத் தாளை மேசை இழுப்பறையில் வையுங்கள். இரவில் அந்தக் கேள்வி மீண்டும் எழும்போது, அதற்கு ஒரு தேதி குறிக்கப்பட்டிருக்கிறது என்று உங்களுக்கு நீங்களே சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள். தேதி வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.